மாக்கல் யார் கல்?

முகத்தில் பூசும் வெண்பொடியை 'டால்க்கம் பவுடர்' என்று வாய்நிறையச் சொல்லத் தெரிந்த தமிழர்க்கு, அப்பொடி எந்தக் கல்லின் மாவு என்பதும், அக்கல் தம் மண்ணின் அடியிலும் கிடக்கின்றது என்பதும், அதற்குத் தம் பாட்டியர் வாயில் பழகிய பெயரொன்று உண்டு என்பதும் தெரிவதில்லை. அரபு மொழியில் 'தல்க்கு' எனப் பிறந்து, மேலை மொழிகளில் 'டால்க்' எனத் திரிந்து, வண்ணக் குப்பியின்மேல் ஏறி நம் வீட்டுக்குள் வந்துவிட்ட பெயரை நாம் சுமக்கின்றோம். வீட்டுக்குள்ளேயே இருந்த மாக்கல்லைப் பரணில் போட்டுவிட்டோம்.

மாவாகும் கல் மாக்கல். ஆங்கிலன் அதைத் தடவிப் பார்த்து வழலைக்கல் என்று பொருள்படப் பெயரிட்டான். செருமானியன் அதன் வழவழப்பைக் கண்டு கொழுப்புக்கல் என்றான். தமிழனோ அது தடவுகையில் எப்படி இருக்கிறது என்பதை விட்டு, இடித்தால் என்னவாகும் என்பதைப் பெயராக்கினான். கனிமங்களின் வன்மையை 1 முதல் 10 வரை எண்ணும் அளவையில் வயிரம் 10 ஆயின் மாக்கல்லின் மூலக்கனிமம் 1. நகத்தால் கீறினாலே பொடியும். மகனீசியமும் மணற்சத்தும் நீரும் கூடி அமைந்த இக்கல், தொட்டால் குழைவதாயினும் தீக்கு அஞ்சாது, புளிக்கும் அஞ்சாது. அதனாலன்றோ நம் முன்னோர் அதைக் குடைந்து கல்சட்டி செய்தனர்! புதுச்சட்டியை வடிகஞ்சியில் நாட்கணக்கில் ஊறவைத்து, எண்ணெயும் மஞ்சளும் தடவிப் பழக்கி, பின்னரே அடுப்பிலேற்றும் முறை எந்தப் பொறியியற் கல்லூரியில் கற்றது? வெப்பத்தைத் திடுமெனக் காட்டினால் கல் வெடிக்கும், மெல்லமெல்லக் காட்டினால் தாங்கும் என்னும் அறிவியல் அடுப்பங்கரையில் வாழ்ந்தது. இன்று அதே கல்சட்டியைத் தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களில் 'சோப்புசுட்டோன் குக்குவேர்' என்று ஆங்கிலப் பெயரட்டை ஒட்டி விலைகூட்டி விற்றால், வரிசையில் நின்று வாங்குகின்றனர். பெயர் மாறினால் விலையேறும் என்பது நம்மவர் கண்ட பொருளியல்.

நான் கற்பலகையில் எழுதப் பழகிய காலத்துப் பலப்பமும் இக்கல்லே. 1924ஆம் ஆண்டில் சான் மார்சல் உலகுக்கு அறிவித்த சிந்துவெளி நாகரிகத்தின் எழுத்து முத்திரைகளில் மிகப்பல, மாக்கல்லில் வெட்டிச் சூளையில் சுட்டு வன்மையேற்றியவை. அவ்வெழுத்தை ஐயமறப் படித்துக் காட்டுவார்க்கு 10 இலக்கம் அமெரிக்க வெள்ளி பரிசு என்று 2025 சனவரியில் முதலமைச்சர் மு.க.இசுடாலின் அறிவித்தார். நன்று, வரவேற்றோம். கல்லின்மேல் எழுதியதைப் படிப்பார்க்குக் கோடிக்கணக்கில் பரிசு வைக்கும் நாட்டில், அக்கல்லைப் பற்றி எண்ணுவார் எத்தனை பேர் என்பதே என் வினா.

இந்தியத்தில் மாக்கல் வெட்டுவதில் முதலிடம் இராசசுத்தானத்துக்கு. உதயப்பூர், தூங்கர்ப்பூர், பில்வாடா என்று அங்கே அதற்கென்றே வாழும் மாவட்டங்கள் உள்ளன. நம் நாட்டிலும் சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மாக்கல் உண்டு. அளவில் அவர்களொடு போட்டியிட முடியாது என்பது மெய்யே. ஆயின் தாள், வண்ணக்குழம்பு, நெகிழி, பீங்கான், மின்கடத்தாக் குமிழ், மாத்திரை, பூச்சிக்கொல்லித்தூள் என்று மாக்கல் மாவு புகாத தொழிலே இல்லை. அத்தொழில்கள் அனைத்தும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கல் நம்மிடம், தொழில் நம்மிடம், இடையில் அரைப்பவனும் விலை வைப்பவனும் மட்டும் வேற்றவன் என்றால் அந்நிலைக்குப் பெயர் என்ன?

இவ்விடத்தில் வழக்கமான விடையொன்று வரும்: "எல்லாம் தில்லியின் கையில், நாம் என் செய்வது?" கரியில் அது சரி, நெய்வேலியில் அது சரி. மாக்கல்லில் அது பொய். 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டத்தின்கீழ் நடுவணரசு 2015 பிப்பிரவரி 10ஆம் நாள் 31 கனிமங்களைச் சிறுகனிமங்கள் என்று அறிவித்தது. மாக்கல் அவற்றுள் ஒன்று. சிறுகனிமத்துக்குக் குத்தகை விதி வகுப்பதும், உரிமத்தொகை தண்டுவதும் மாநில அரசின் பொறுப்பு. பத்தாண்டுக்கு மேலாக இக்கல்லின் குத்தகைத் திறவுகோல் சென்னையில் இருக்கின்றது. அதைக் கொண்டு ஒரு கதவையேனும் திறந்தோமா?

திறவுகோல் நெடுங்காலம் நம்மிடம் இருக்கும் என்று உறங்குவதற்கும் இல்லை. அந்த 31இல் இருந்த மைக்கா, குவார்ட்சு, பெல்சுபார், பாரைட்டு ஆகிய நான்கையும் 2025 பிப்பிரவரியில் பெருங்கனிமப் பட்டியலுக்கு நடுவணரசு திரும்ப எடுத்துக்கொண்டது. கொடுத்த கையே பத்தாண்டில் பறித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 24 கனிமங்களை ஏலம்விடும் உரிமை முற்றாக நடுவணரசுக்குப் போயிற்று. அதன் விளைவை மேலூர் வட்டாரத்து மக்கள் உடனே கண்டனர். அரிட்டாபட்டியை உள்ளிட்ட ஏறத்தாழ 5,000 ஏக்கர் நிலத்தை மின்னிழைமாழை எடுக்க 2024 நவம்பரில் ஏலம்விட்டு, இந்துத்தான் துத்தநாகக் குழுமத்துக்கு ஒதுக்கினர். தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர் அது. 2022இல் தமிழ்நாட்டரசு பல்லுயிர் மரபிடம் என்று அறிவித்த ஊர். மக்கள் தெருவுக்கு வந்தனர். சட்டமன்றம் திசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23ஆம் நாள் ஏலம் நீக்கப்பட்டது. அங்கே வென்றோம். ஆயின் அடுத்த செப்டம்பரிலேயே, அத்தகு கனிமங்களை வெட்டுமுன் ஊர்மக்களின் கருத்துக் கேட்க வேண்டுவதில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை விடுத்தது. மாக்கல் இன்னும் அப்பட்டியலில் ஏறவில்லை. ஏறும்முன் நம் முறைமையை நாமே வகுத்து நிலைநாட்டிக் காட்டுவோம் என்பதுதான் இக்கட்டுரையின் வேண்டுகை.

வரியிலும் வழி பிறந்துள்ளது. கனிம உரிமத்தொகையும் வரியே என்று 1989இல் இந்தியா சிமெண்ட்சு வழக்கில் உச்சநயன்மன்றம் சொன்ன தீர்ப்பு, தமிழ்நாட்டின் கைகளைக் கட்டியது. 35 ஆண்டுகட்குப் பின் 2024 சூலை 25இல், ஒன்பதின்மர் ஆயம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தவறென்று தள்ளியது. கனிமநிலத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்று உறுதியாயிற்று. தமிழ்நாடும் அதற்கெனச் சட்டம் செய்து 2025 ஏப்பிரலில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இனி 'உரிமையில்லை' என்னும் பழம்பாட்டு எடுபடாது.

இனி, நம் அணியிலேயே உள்ள நண்பர் சிலரோடு ஒரு வழக்கு. "மண்ணைத் தோண்டவே கூடாது, சுரங்கம் என்றாலே அழிவு" என்கின்றனர். அவர்தம் நெஞ்சு தூயது. 2023 சூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லின்மேல் நெய்வேலி நிறுவனத்தின் பொறிகள் ஏறியதைக் கண்ட எவர்க்கும் அச்சினம் வரவே செய்யும். ஆயினும் இவர்கள் வீட்டுச் சுவர்க்கு வண்ணம் பூசுகின்றனர், தாளில் எழுதுகின்றனர், மாத்திரை விழுங்குகின்றனர். அவற்றிலுள்ள மாக்கல் எங்கோ ஒரு மலையை அறுத்துத்தானே வந்தது? நம் மண் தோண்டப்படக் கூடாது, இமயத்து ஏழையின் மண் தோண்டப்படலாம் என்பது எவ்வகை அறம்? உத்தரகண்டு மாநிலத்தின் பாகேசுவர் மாவட்டத்தில் மலைச்சரிவுகளைத் திறந்தவெளியாய்க் கீறிக் கீறி மாக்கல் எடுத்ததில், காண்டா முதலிய ஊர்களில் வீடுகள் வெடிப்புக் கண்டன. 2025 சனவரியில் அம்மாநில உயர்நயன்மன்றமே அம்மாவட்டத்து மாக்கல் வெட்டு முழுவதையும் நிறுத்தி ஆணையிட நேர்ந்தது. தோண்டுவதா வேண்டாவா என்பதோடு வினா முடியவில்லை. எப்படித் தோண்டுவது, யார் தோண்டுவது, யார் கண்முன் தோண்டுவது என்பன அதனினும் பெரிய வினாக்கள்.

மாக்கல் பெரும்பாலும் வில்லைவில்லையாய், வேற்றுப்பாறைகளின் இடையே சாய்ந்து இறங்கிக் கிடப்பது. மேற்பரப்பில் தலைகாட்டும் பகுதியை மட்டும் குழிபறித்து எடுத்துவிட்டு ஓடுவதே குத்தகை வணிகன் வழக்கம். வெள்ளைவெளேரென்ற கல்லைப் பொறுக்கிக்கொள்வான். சற்றே சாம்பல் நிறமானதைக் கழிவென்று குழியின்மேலேயே கொட்டுவான். அதன்பின் அடியிலுள்ள நல்ல கல்லை எடுக்க எவராலும் ஆகாது. குழியில் மழைநீர் தேங்கும். ஆடும் குழந்தையும் விழும். முறையாகச் செய்வதாயின், முதலில் துளையிட்டுக் கல்லுருளை எடுத்து, வில்லை எவ்வளவு நீளம், எவ்வளவு தடிப்பு, எப்பக்கம் சாய்வு என்று வரைபடம் ஆக்க வேண்டும். வில்லைக்குள் நேரே குடையாமல், அதற்கு அடியிலுள்ள உறுதிப் பாறையில் சாய்வழி இறக்க வேண்டும். அதிலிருந்து குறுக்குவழிகள் வெட்டி மாக்கல்லை அடைய வேண்டும். மாக்கல் வழுக்கும் கல். தன் சுமையைத் தானே தாங்காது. கூரை சரியும். ஆகவே சிறுசிறு அறைகளாக எடுத்து, எடுத்த வெற்றிடத்தைக் கழிவுக்கல்லும் பைஞ்சுதையும் கொண்டு அவ்வப்போதே அடைத்து முன்னேற வேண்டும். அவ்வாறு செய்தால் மேலே உழவன் நிலம் நிலமாகவே இருக்கும், கழிவுமேடும் குறையும். இத்தாலியின் வடமேற்கில் ஆல்ப்சு மலைக்குள் சிசோனே, செர்மனாசுக்கா பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாக இப்படி நிலத்தடியில் மாக்கல் வெட்டுகின்றனர். செலவு கூடுதல்தான். அச்செலவுக்கு அஞ்சித்தான் வணிகன் திறந்தவெளிக்கு ஓடுகின்றான். நிலத்தைக் கெடுத்த இழப்பை அவன் கணக்கில் எழுதச் சொல்லிப் பாருங்கள்; அப்போது எது மலிவு, எது விலையுயர்வு என்பது விளங்கும்.

"தமிழில் சுரங்கத் தொழிலா? அதற்குச் சொல் ஏது?" என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு விடை கோலார்த் தங்கவயல். 1880 முதலாக சான் டெய்லர் குழுமம் வெட்டிய அப்பொன்சுரங்கங்கள் மூன்று கல்லளவு தொலைவுக்கும் மேல், அஃதாவது 3,000 மாத்திரிக்கும் கீழாக, நிலத்துள் இறங்கின. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அவை இடம்பெற்றன. அவ்வாழத்தில் பாறை வெடித்துச் சிதறும் கொதிநிலையில் நின்று பொன்னெடுத்தவர் யார்? வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர். அவருள் மிகப்பலர் ஊரால் ஒதுக்கப்பட்ட ஆதித்தமிழர். அவர் அங்கே எந்த மொழியில் எச்சரித்துக் கொண்டனர்? எந்த மொழியில் கூரை தட்டிப் பார்த்து, "இங்கே ஓட்டை ஓசை கேட்கிறது, விலகு" என்றனர்? தமிழில். அயோத்திதாசப் பண்டிதர் 1914இல் மறைந்தபின் அவர்தம் 'தமிழன்' இதழ் 1926இல் மீண்டும் உயிர்த்தெழுந்தது அத்தங்கவயலில்தான் என்பதை நம் இதழ் படிப்பார் மறத்தலாகாது. பொன் இலண்டனுக்குப் போயிற்று. விடுதலைக்குப்பின் பெங்களூருக்கும் தில்லிக்கும் போயிற்று. 2001 பிப்பிரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தமிழர்க்கு எஞ்சியவை நெஞ்சுச்சளி, சயனைடு கலந்த மண்மேடு, வேலை தேடிப் பெங்களூருக்கு ஓடும் விடியற்காலைத் தொடர்வண்டி.

ஆகவே சொல் இல்லை என்பார் முதலில் கிணறு வெட்டுவாரிடம் போய்க் கேட்கட்டும். ஊற்றுக்கண், சரளை, சுக்கான், பாறைத்தட்டு, தமரூசி, ஆப்பு, சம்மட்டி, வேட்டு, உறை என்று அவர் வாயில் ஒரு நிலநூல் அகராதியே கிடக்கின்றது. சுரங்கம் என்பதே வேற்றுச்சொல் என்று சிலர் எழுதுகின்றனர். உட்டுளையைச் சுரை என்னும் மொழியில், வேலின் காம்பு செருகும் குழியையும் சுரை என்ற மொழியில், அச்சொல்லுக்கு வேர்தேடிக் கடல்கடக்க வேண்டுவதில்லை என்பது என் கருத்து. நிலைக்குழி, சாய்வழி, குறுக்குவழி, தாங்குதூண், பின்னடைப்பு என்று நான் மேலே எழுதியும் எழுதாதும் விட்டவற்றை ஒரு மாணவனிடம் சொல்லுங்கள். படம் வரையாமலே விளங்கிக்கொள்வான். இவற்றின் ஆங்கிலத்தைச் சொல்லிப் பாருங்கள், நெட்டுருப் போடுவான்.

சொல்லாசையால் மட்டும் இதை எழுதவில்லை; இதில் உயிர் அடங்கியிருக்கின்றது. ஒரு சுரங்கம் வருமுன் ஊர்மக்களிடம் காட்ட வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கைக்கு 2006ஆம் ஆண்டின் விதி என்ன சொல்கிறது? சுருக்கத்தை மட்டும் வட்டார மொழியில் தந்தால் போதும். நிலத்தடிநீர் எவ்வளவு இறங்கும், தூசி எவ்வளவு பறக்கும், வேட்டதிர்வு எந்தத் தெருவரை எட்டும் என்னும் கணக்குகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்துள் புதைந்து கிடக்கும். சில பக்கச் சுருக்கத்தைத் தமிழென்ற பெயரில் எவனோ பொறியால் பெயர்த்துத் தருவான். அதைப் படித்துத் தலையாட்டுவது 'பொதுமக்கள் கருத்து' ஆகிவிடும். 2020இல் அவ்விதியையே மாற்ற வந்த வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டனர். எல்லா மொழியிலும் தருக என்று தில்லி உயர்நயன்மன்றம் ஆணையிட்டபோது, அவ்வாணையை எதிர்த்து நடுவணரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று! மொழிபெயர்க்கும் செலவைவிட வழக்குச் செலவு இனித்தது போலும். நம் நிலத்தின் அடியில் என்ன இருக்கின்றது என்று பதிந்துவைக்கும் நிறுவனம் கொல்கத்தாவில். அதைக் கணக்கிடும் நிறுவனம் நாகபுரியில். சுரங்கத்துள் இறங்குவோன் உயிர்க்குக் காப்பு வகுக்கும் அலுவலகம் தன்பாத்தில். மூன்றிடத்தும் முசிறி உழவன் எழுதும் தமிழ் மடலைப் படிக்க ஆளிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

தூசியைச் சொன்னேன், அதை விளக்காமல் விடலாகாது. மாக்கல்லோடு சிலவிடங்களில் கல்நார் கலந்து கிடக்கும். அதை ஆராயாது அரைத்தால் புற்றுநோய். இவ்வழக்குகளால் அமெரிக்காவின் சான்சன் அண்டு சான்சன் குழுமம் 2020இல் தன் நாட்டிலும் கனடாவிலும், 2023இல் உலக முழுதும் மாக்கல் சேர்ந்த குழந்தைப்பொடி விற்பதை நிறுத்தியது. 2024 சூலையில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வமைப்பு, மாக்கல் மாவையே 'புற்றுநோய் விளைக்கக்கூடும்' என்னும் வகையில் உயர்த்தி வைத்தது. ஆண்டாண்டாகக் கைக்குழந்தையின் மேல் அப்பொடியைக் கொட்டிய தாய்மார்க்கு இதை யார் தமிழில் சொன்னார்? இத்தாலியச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தவர்கள், நெஞ்சைக் கெடுத்ததில் மாக்கல்லைவிடச் சூழ்ந்த பாறையின் மணற்சத்துத் தூசிக்கே பெரும்பங்கு என்று கண்டனர். பாறையை நீர்தெளித்துத் துளையிட்டால், காற்றோட்டம் செப்பமாயின், அந்நோயைத் தடுக்கலாம். நீர்க்குழாய்க்குப் பணமில்லை என்னும் குத்தகைக்காரனுக்குச் சுரங்கம் தரலாகாது. கல்நார் ஆய்வுச்சீட்டு இல்லாத கல் ஒரு வண்டிகூட வெளியேறலாகாது. இவ்விரண்டையும் விதியில் எழுத நமக்கு எந்தத் தில்லி தடை? எந்தக் கட்சி தடை?

கனிமம் எடுப்பவன் ஊர்ப்பெயரையும் எடுத்துக்கொள்வான் என்பதை நம் மாவட்டம் அறியும். 1939இல் கல்லக்குடியில் பைஞ்சுதைத் தொழிலகம் எழுந்தபின் தொடர்வண்டி நிலையமே 'டால்மியாபுரம்' ஆயிற்று. 1953 சூலையில் மு.கருணாநிதி முதலானோர் இருப்புப்பாதையில் தலைவைத்துப் படுத்தனர். 1969இல்தான் நிலையத்துக்குப் பழம்பெயர் திரும்பிற்று. ஒரு பெயரை மீட்க 16 ஆண்டு. சுண்ணாம்புக்கல்லை மீட்க எத்தனை ஆண்டு என்று எவரும் கேட்கவில்லை.

மாக்கல்லில் அப்படி நேராதிருக்க வழியுண்டு. அரசின் கனிம நிறுவனம் தானே துளையிட்டு ஆய்ந்து, முழு அறிக்கையையும் தமிழில் அச்சிட்டு, ஊராட்சிதோறும் வைக்கட்டும். கல்லெடுக்கும் உரிமையை ஊர்க்கூட்டுறவுக்கும் அரசுக்கும் பங்காக்கட்டும். அரைவை ஆலை சுரங்கவாயிலிலேயே எழட்டும். கட்டிக்கல்லாக மாவட்ட எல்லை தாண்ட விடாதிருக்கட்டும். கல்சட்டி கடையும் கைவினைஞர்க்கு அவர் கேட்கும் கட்டிக்கல் முதலில் கிடைக்கட்டும்; வண்ணக்குழம்பு ஆலைக்கு அரைக்கும் மாவில் அவர்தம் பிழைப்பும் சேர்ந்து அரைபடலாகாது.

சட்டமன்றத்தில் கனிமத்துறைச் செலவுக்கோரிக்கை வரும் நாளில், தமிழ்ப்பெயர் தாங்கிய உறுப்பினர் ஒருவரேனும் எழுந்து மூன்று வினா கேட்கட்டும்: தமிழ்நாட்டில் மாக்கல் குத்தகை எத்தனை? அவை யார்யார் பெயரில்? வெட்டிய கல் எந்த ஊரில் அரைபடுகின்றது? விடையைத் தமிழில் தரச் சொல்லி வாங்கி இவ்விதழுக்கு விடுத்தால், ஓர் எழுத்தும் விடாமல் அச்சிடுவோம்.